தலைகீழாக ஒரு முகம்

போன ஞாயிற்றுக்கிழமை தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்துபோன முனிராஜ், அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மற்றவர்களையும் எடுக்கவிடவில்லை.

கேட்கக் கூடாத எதையும் மனிஷாவின் அப்பா கேட்டுவிடவில்லை. முனிராஜின் மகன் மதனுக்குப் பெண்ணைக் கொடுக்கப்போகிறவர். "மதனுக்கு அப்பா வழியில யார் யார் இருக்காங்க? முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைக்கணுமே, உங்களுக்கு எந்தக் கோயில்?" என்று ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டே கேட்டார். அவ்வளவுதான்.

"எனக்குக் கோயிலும் இல்லை, குலமும் இல்லை. லாரி ஷெட்டுல வளர்ந்தவன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

முனிராஜ் சொன்னதில் தப்பில்லை. சொன்ன சத்தம்தான் தப்பு. சம்பந்தியம்மாளின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி மாதேவிக்குத் தெரிந்த கதையும் அதுதான். குண்டலுபேட்டை லாரி ஷெட். அப்பா அம்மா யாரென்று தெரியாது. கூடப் பிறந்தவர் இல்லை. மைசூருக்கு வந்து சுவருக்குப் பெயின்ட் அடிக்கக் கற்றுக்கொண்டு, இன்றைக்கு ஆட்களை வைத்து வீடு வீடாகக் கான்ட்ராக்ட் எடுக்கிற மனுஷர். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்து அவள் கேட்டதில்லை. அப்படித்தான் அவள் நம்பிக்கொண்டிருந்தாள், அந்தச் சனிக்கிழமை காலை வரைக்கும்.

சனிக்கிழமைகளில் குவெம்பு நகர் வீட்டின் மாடி அவளுடையது. பள்ளிக்கூடத்து டிராயிங் டீச்சர் வேலையை விட்டபிறகு பெரியவர்களுக்காக அவள் ஆரம்பித்த வகுப்பு. வெளிப்படிக்கட்டு வழியாக ஏறி வருவார்கள். கீழே வீட்டுக்குள் யாரும் வருவதில்லை.

"எல்லாரும் போட்டோவைத் தலைகீழா மாட்டியாச்சா?"

"எதுக்கும்மா இந்தச் சிரசாசனம்?" என்றார் வேங்கடேசன். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். எதை வரைந்தாலும் சுற்றி ஒரு கோடு போட்டுப் பத்திரப்படுத்திவிடுவார்.

"நேரா மாட்டினா கண்ணைப் பார்த்ததும் 'இது கண்ணு'ன்னு மனசுக்குள்ள ஒரு படம் வந்துடும் சார். நீங்க அதைத்தான் வரைவீங்க. எதிர்ல இருக்கறதைப் பார்க்கவே மாட்டீங்க. தலைகீழா இருந்தா அது கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. வெறும் இருட்டு, வெளிச்சம். தெரிஞ்சதை வரையாதீங்க, தெரியறதை வரைங்க."

"எனக்குச் சொல்ற மாதிரியே இருக்கே" என்றாள் லக்ஷ்மம்மா.

"உங்களுக்கும்தான். நீங்க வரைஞ்சா யார் முகமும் சாமுண்டி அம்மன் ஆயிடுது."

"போன வாரம் எங்க வீட்டுக்காரரை வரைஞ்சேனே, அவருக்கே கையெடுத்துக் கும்பிடணும் போல ஆயிடுச்சு!"

சிரிப்பு அடங்கியதும் மாதேவி புதிதாகச் சேர்ந்த ராணியிடம் வந்தாள். ஹனூர்க்காரி. நாற்பதைத் தாண்டியவள். மகள் நர்ஸிங் படிப்பதற்காக மைசூரில் வீடு எடுத்திருந்தாள். வகுப்புக்கு இது மூன்றாவது முறை. பழுப்புக் காகிதத்தின் மேல், போட்டோவிலிருந்து பெரிதாக்கிய ஜெராக்ஸ் ஒன்றைத் தலைகீழாகக் குத்தியிருந்தாள். கறுப்பும் வெள்ளையுமாக, தேய்ந்துபோன ஏதோ ஓர் ஆள்.

"முதல்ல அந்த விரலை எடுங்க."

"தேய்ச்சாத்தானுங்க்கா மெத்து மெத்துன்னு வருது?"

"எல்லாத்தையும் தேய்ச்சா மெத்துன்னு வராது, சேறாத்தான் வரும். பேஸ்டல் ஒரு பவுடர். மேல மேல போடணும், போட்டு விட்டுடணும். இருட்டை முதல்ல, வெளிச்சத்தைக் கடைசில. கண்ணைச் சுருக்கிப் பாருங்க. ரொம்ப இருட்டு எங்கே?"

"தாடைக்குக் கீழங்க."

"தாடைன்னு சொல்லாதீங்க. என்ன வடிவம்?"

ராணி ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள். "கவுத்துப் போட்ட அருவா மாதிரி இருக்குதுங்க."

"பேஷ். அந்த அரிவாளை வரைங்க."

அரிவாள் வந்தது. ஆனால் நெற்றிப் பக்கம் வந்ததும் மறுபடி விரல் போனது, மறுபடி சேறானது. ராணியின் கண் கலங்கிவிட்டது. "எனக்கு வராதுங்க்கா. இது சரியா வரலீன்னா நான் இங்க வந்ததே வீணுங்க."

மாணவர்களின் காகிதத்தில் மாதேவி கை வைப்பதில்லை. மேலே, அடியில் இருப்பது தெரிகிற மாதிரி ஒரு பட்டர் ஷீட் போட்டு அதில்தான் திருத்திக் காட்டுவாள். அன்றைக்கு என்னவோ, அந்தக் கலங்கின கண்ணைப் பார்த்துவிட்டு, "நகருங்க" என்று காவிக் குச்சியை எடுத்துவிட்டாள்.

சேற்றைப் பிரஷ்ஷால் தட்டி உதறினாள். இருட்டை இருட்டாக வைத்தாள். புருவத்தின் நிழல், மூக்கோரத்துச் சரிவு, உதட்டுக்கு மேலே ஒரு மங்கல். எதற்கும் பெயர் சொல்லிக்கொள்ளவில்லை. ஜெராக்ஸைப் பார்ப்பாள், போடுவாள். பார்ப்பாள், போடுவாள். கடைசியில் சந்தன நிறத்துக் குச்சியால் வெளிச்சத்தை ராணியின் கையாலேயே வைக்கச் செய்தாள்.

"ஸாகு. போதும். எல்லாரும் இப்ப படத்தைத் திருப்புங்க."

அறைக்குள் பலகைகள் புரளும் சத்தம். ராணியும் தன் பலகையைத் திருப்பினாள்.

லக்ஷ்மம்மாதான் முதலில் பார்த்தாள். "ஐயோ மேடம்! இது நம்ம மதன் அல்லவோ!"

வேங்கடேசன் எழுந்தே வந்துவிட்டார். "அட, ஆமாம்! போன மாசம் நமக்கு மாடலா உட்கார்ந்தானே, அதே மூஞ்சி! எங்களுக்கு மட்டும் உபதேசம். தெரிஞ்சதை வரையாதேன்னு சொல்லிட்டு, டீச்சர் பிள்ளையை வரைஞ்சு வச்சிருக்காங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். மாதேவிக்குக் காது சுட்டது. இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்த பாடத்தில் தானே தோற்றதுபோல் இருந்தது. கை, பழகின முகத்தைத் திருடிக் கொண்டுவந்து இன்னொருத்தியின் படத்தில் வைத்துவிட்டது!

"மன்னிச்சுக்குங்க ராணி. நான் கை வச்சிருக்கவே கூடாது. அந்த ஜெராக்ஸை இப்படிக் கொடுங்க, சரி பண்ணித் தர்றேன்."

"எதைச் சரி பண்றதுங்க?" என்றாள் ராணி. படத்தை விட்டு அவள் பார்வை நகரவில்லை. "இதுதானுங்க எங்கண்ணன். அச்சு அசலு எங்கண்ணன்."

மாதேவி ஜெராக்ஸை வாங்கி நேராகத் திருப்பினாள்.

கை ஒன்றையும் திருடவில்லை. படத்தில் இருந்தது அப்படியே போட்டோவில் இருந்தது. மதனின் நெற்றி, மதனின் தாடை. ஆனால் மதன் இல்லை. இடது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டு, முடி முளைக்காமல் வெள்ளையாக ஒரு பிளவு. மகனுக்கு அது கிடையாது. "லாரிக் கதவு பட்டது" என்று கல்யாணமான புதிதில் முனிராஜ் தன் புருவத்தைத் தொட்டுக் காட்டி அவளிடம் சொல்லியிருந்தார்.

அந்தப் பிளவையும் அவளே, நிழலென்று நினைத்துப் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தாள்.

"மேடம், என்னாச்சு? உட்காருங்க, உட்காருங்க. யாராவது தண்ணி கொடுங்கப்பா."

"ஒண்ணுமில்லை சார். காலையில சாப்பிடலை. இன்னைக்கு இதோட முடிச்சுக்கலாம்."

எல்லாரும் இறங்கிப் போனார்கள். ராணி மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மாதேவிக்கு ஒரே ஒரு நினைப்புதான் ஓடியது. கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு ஒருத்தி. ஊரில் ஒரு குடும்பம். இவள் அண்ணன் என்று சொல்வதுகூட...

"உங்க கூடப் பிறந்த அண்ணனா?"

"ஆமாங்க்கா. பேரு குப்புசாமிங்க. ஒரே வயித்துல மூணு பேருங்க நாங்க. பெரியவரு இவரு, நடுவால கிட்டு, கடைசி நானு."

"இப்ப எங்கே இருக்கார்?"

"இல்லீங்க்கா." ராணி ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். பழகிப்போன பதில். "ஒரு ஆடிப்பெருக்குக்கு ரெண்டு பேரும் ஒகேனக்கல் போனாங்க. ஆத்துல தண்ணி ஏறுதுன்னு எங்கம்மா போகவேண்டாம்னு கத்துச்சு. கிட்டுவுக்கு நீச்சல் தெரியாதுங்க. அண்ணன் இருக்கறானே, என்னவாயிருமுன்னு கூட்டிட்டுப் போயிட்டாரு. ரெண்டு பேரையும் தண்ணி இழுத்துருச்சு. கிட்டு கிடைச்சான், எரிச்சோம். இவரு கிடைக்கவே இல்லீங்க. நான் அப்பப் பாவாடை கட்டின புள்ளை."

"உடம்பே கிடைக்கலையா?"

"எங்கீங்க கிடைக்குது, அந்தப் பாறைக்குள்ள! வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு ரெண்டு இலை போடறமுங்க. ஒண்ணு கிட்டுவுக்கு, ஒண்ணு இவருக்கு."

மாதேவிக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவிரிச் சங்கமத்துக்கு எத்தனை தரம் போயிருக்கிறார்கள்! எல்லாரும் தண்ணீரில் இறங்க, முனிராஜ் மட்டும் காரை விட்டு இறங்கமாட்டார். வெயில் ஒத்துக்காது என்பார். பெயின்ட் கான்ட்ராக்ட்காரருக்கு வெயில் ஒத்துக்காதாம்! அதை அவளும் நம்பினாள்.

"உங்க குலதெய்வம் எது ராணி?"

ராணிக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்ததென்று புரியவில்லை. "மாதேஸ்வரன் மலை மாதப்பனுங்க. ஏனுங்க்கா?"

"சும்மா கேட்டேன்."

"இருந்த ஒரே போட்டோ இதுதானுங்க. அதுவும் பூச்சி அரிச்சுப் போச்சு. ஸ்டூடியோவுல கொடுத்தா கம்ப்யூட்டர்ல போட்டு, சினிமாக்காரனாட்டம் பளபளன்னு ஆக்கிட்டானுங்க. எங்கம்மா பாத்துட்டு 'இவன் எவனோ, எடுத்துட்டுப் போ'ன்னுருச்சு. அதுக்குத்தான் நானே வரையக் கத்துக்கலாமுன்னு உங்ககிட்ட வந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா இப்ப எங்கூடத்தான் இருக்குதுங்க. சாயங்காலம் கூட்டிட்டு வரட்டுங்களா? படத்தையும் பாக்கும். உங்க பையன் இதே சாடைன்னு அவங்க எல்லாம் சொன்னாங்களே, அவரையும் ஒரு தரம் பாத்துக்கும். மனசு ஆறும்."

வேண்டாம் என்று சொல்ல மாதேவிக்கு வாய் வரவில்லை. "சரி. படம் இங்கேயே இருக்கட்டும். இன்னும் ஸ்ப்ரே அடிக்கலை. தொட்டா கையோட வந்துடும்" என்று மட்டும் சொன்னாள். டீச்சரின் வாய், தானாகச் சொன்னது.

மத்தியானம் மதன் மாடியேறி வந்தபோது அவள் விரித்த முடியோடு படத்தின் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"ஏனாய்த்தம்மா? என்ன ஆச்சு, சமைக்கலையா? மனிஷா கார்டு டிசைன் பார்க்க வரச்சொன்னா, நான் கிளம்பணும்." படத்தைப் பார்த்ததும் சிரித்தான். "அய்யோ, என்னை ஏன் இப்படிப் பழைய காலத்து ஹீரோ மாதிரி வரைஞ்சே? காலரைப் பாரு!"

"அது நீ இல்லை."

"சும்னே இரும்மா. இந்த மூக்கை எனக்குத் தெரியாதா?"

"புருவத்தைப் பாரு."

பார்த்தான். சிரிப்பு நின்றது. "அப்பாவா? அப்பாவோட சின்ன வயசு போட்டோ ஒண்ணுகூட இல்லைன்னியே? இது யார்கிட்ட இருந்துச்சு?"

"அவரோட தங்கச்சிகிட்ட."

"யாரோட தங்கச்சி?"

"உனக்கு அத்தை இருக்காடா. பாட்டி இருக்காங்க. சாயங்காலம் இங்கே வர்றாங்க. உங்கப்பா செத்துட்டார்னு வருஷா வருஷம் இலை போடறாங்களாம்."

மதன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அவன் கேட்டது ஒன்றுதான்.

"நம்மகிட்ட ஏம்மா சொல்லலை? திருடினாரா, கொலை பண்ணினாரா? தண்ணி இழுத்ததுக்கு இவர் என்ன செய்வார்?"

"அதை அவரைத்தான் கேக்கணும்."

முனிராஜின் பைக் சத்தம் கேட்கும்போது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. "சோறு போடு மாதேவி, பசி உயிர் போவுது" என்று கீழேயிருந்து குரல்.

"மேலே வாங்க."

"என்னத்துக்கு? உன் கிளாஸ் படத்துக்கெல்லாம் நான் மார்க் போடணுமா?"

"வாங்கன்னா வாங்க."

முழங்கை வரைக்கும் சுவரில் பூசுகிற புட்டி ஒட்டிய கையோடு ஏறி வந்தார். வாசலில் செருப்பை உதறினார். உள்ளே வந்தவர் மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், நடுவில் இருந்த பலகையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் கண் இமைக்கவில்லை.

"இதை யாரு வரைஞ்சது?"

"ராணி."

"எந்த ராணி?"

"ஹனூர் ராணி."

"சின்ன ராணியா?"

கேட்டுவிட்டார். வாய் முந்திக்கொண்டது. வாயைப் பொத்திக்கொள்ளப் போன கை பாதியில் நின்றது. மாதேவிக்கு அதுவரை எங்கோ ஒரு மூலையில், ஒரே சாடையில் ஏழு பேர் இருப்பார்களாமே என்று ஒரு நப்பாசை இருந்தது. அதுவும் போயிற்று.

"அப்ப நீங்க குப்புசாமி" என்றாள்.

"அவன் செத்துட்டான்."

"இதோ நிக்கறீங்க!"

"செத்துட்டான்னா செத்துட்டான், விடு!" கத்தினார். பிறகு தானே குரலை இறக்கினார். "நான்தான் அவனைக் கூட்டிட்டுப் போனேன் மாதேவி. கையைப் பிடிச்சிட்டிருந்தேன். அப்புறம் கை இல்லை. கரையேறி, பாறை மறைவுல கிடந்து பார்த்தேன். சேதி கேட்டு ஓடிவந்த எங்கம்மா மண்ணுல புரளுது. அது முன்னாடி போய் எப்படி நிப்பேன்? எந்த மூஞ்சியை வச்சிட்டுப் போவேன்?"

"அதனால அவங்களுக்கு ரெண்டு பிள்ளையையும் இல்லாம பண்ணிட்டீங்களா?"

முனிராஜ் கையில் காய்ந்திருந்த புட்டியைச் சுரண்டினார்.

"எனக்கு ஏன் சொல்லலை? ஒரு நாள், ஒரு ராத்திரி, எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா? நான் யார் உங்களுக்கு?"

"சொன்னா நீ போய்ச் சொல்லிடுவே."

"ஆமா, சொல்லியிருப்பேன்!"

"அப்பா, அவங்க இப்ப வர்றாங்க" என்றான் மதன். "பாட்டியும்."

முனிராஜ் படிப்பக்கம் திரும்பினார். சாவிக்காக ஜேபியைத் தடவினார். கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. "பாத்துங்கம்மா, படி உயரமா இருக்குது" என்று ராணியின் குரல். இறங்கிப்போக வேறு வழி கிடையாது.

"மாதேவி, உன் கால்ல வேணும்னாலும் விழறேன். படம் கெட்டுப்போச்சுன்னு சொல்லி அனுப்பிடு. அப்படியே அனுப்பிடு."

"படம் நல்லா இருக்கு. கெடலை."

ஒரே எட்டில் பலகையிடம் போனார். சுவருக்குப் புட்டி இழுக்கிற அந்த அகலமான உள்ளங்கையை முகத்தின் மேல் வைத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்தார். நெற்றி போயிற்று, கண் போயிற்று, தாடையில் இருந்த அரிவாள் போயிற்று. காவியும் சந்தனமும் கலந்து ஒரு சேறு மட்டும் காகிதத்தில் நின்றது. தூள் தரையில் உதிர்ந்தது.

"அப்பா!"

மாதேவி அந்தச் சேற்றைப் பார்த்தாள். அவள் காலையெல்லாம் பார்த்துப் பார்த்து வைத்த முகம். அந்த ராணி கண்ணீர்விட்டு வைத்த வெளிச்சம். அவளுக்கு அழுகை வரவில்லை.

காலடிச் சத்தம் கடைசிப் படிக்கு வந்துவிட்டது. அவள் போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால், கதவின் மறைவில், முனிராஜ் சுவரோடு ஒட்டி நின்றார்.

"டீச்சரக்கா, இதுதானுங்க எங்கம்மா, நாச்சம்மாள்" என்றாள் ராணி, மூச்சு வாங்க.

சின்ன உருவம். வெளிறிய பச்சைச் சேலை. ஒரு கையில் தடி, இன்னொரு கையில் இலையில் சுற்றின மல்லிகைச் சரம். படத்துக்குச் சாத்தக் கொண்டுவந்திருக்கிறாள்.

"எம் பையன் படம் நல்லா வந்திருக்குதாம் கண்ணு? புள்ளை வழியெல்லாம் சொல்லிட்டே வந்துச்சு" என்றாள் நாச்சம்மாள். "எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க. கிட்டத்துல காட்டு."

கெட்டுப்போயிற்று என்று ஒரு வார்த்தை. அது பொய்கூட இல்லை. இருவரும் வருத்தப்பட்டுக்கொண்டு இறங்கிப் போய்விடுவார்கள். நாளைக்கு மனிஷாவின் அப்பா வருவார். லாரி ஷெட் லாரி ஷெட்டாகவே இருக்கும். முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு அவளிடம் அதைத்தான் கெஞ்சியது.

மாதேவி அந்த மல்லிகைச் சரத்தைப் பார்த்தாள்.

"படம் இல்லீங்கம்மா" என்றாள். வாசலை விட்டு விலகி, கதவை முழுக்கத் தள்ளித் திறந்தாள். "ஆள் இருக்கார்."

முதலில் ராணிதான் அலறினாள். அலறல் பாதியில் அடைத்துக்கொண்டது. மதன் ஓடிவந்து அவளைத் தாங்கிப் பிடித்தான். தாங்கினவன் முகத்தைப் பார்த்து மறுபடியும் அலறினாள்.

நாச்சம்மாள் அலறவில்லை. தடியை ஊன்றி, ஓரடி, இன்னும் ஓரடி உள்ளே வந்தாள். தலை நரைத்து, தொப்பை வைத்து, கைநிறையக் காவித் தூளோடு சுவரோடு சுவராக ஒட்டி நின்ற ஆளை, கண்ணைச் சுருக்கி ஏற இறங்கப் பார்த்தாள். பூச்சரத்தை வைத்திருந்த கையை உயர்த்தி அவர் இடது புருவத்தைத் தடவினாள். விரல் அந்தப் பிளவில் நின்றது.

"அம்மா" என்றார் முனிராஜ்.

அவள் அவர் தோளைத் தாண்டி அறைக்குள் பார்த்தாள். ஒவ்வொரு மூலையாக, நிதானமாக. பிறகு அவரிடம் திரும்பிக் கேட்டாள்.

"நீ மட்டும் ஒத்தையா நிக்கறே? கூட்டிட்டுப் போன தம்பி எங்கடா?"